நடுவில் விழுந்த பந்து

12 பிப்ரவரி 2003, புதன்

மாமல்லபுரம் சேலஞ்சர் டென்னிஸ் போட்டியின் இரட்டையர் பிரிவில் முதல் சுற்றிலேயே தோற்றோம். அதுகூடப் பரவாயில்லை. அந்தக் கடைசிப் பந்துதான் உறுத்துகிறது.

என் ஜோடி குமார் திங்கட்கிழமை சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலைக்குச் சேருகிறான். நாங்கள் சேர்ந்து ஆடும் கடைசிப் போட்டி இது. நடுவில் வரும் பந்துக்கு எட்டு வருடமாக இருவருமே பாய்வோம். மட்டைகள் மோதும், திட்டிக்கொள்வோம். இன்று எதிரணிக்கு ஒரே ஒரு புள்ளி பாக்கி. பந்து எங்களுக்கு நடுவே வந்தது. அவன் அடிக்கட்டும் என்று நான் நின்றேன். அவனும் நின்றான். பந்து எங்களைத் தாண்டிப் போய்க் கோட்டுக்குள் விழுந்தது.

"இன்னாடா, வுட்டுட்ட?" என்றேன்.

"உனக்குன்னுதான் மச்சான் வுட்டேன்."

"நானும் உனக்குத்தாண்டா வுட்டேன்."

இருவரும் ஒரே பஸ்ஸில்தான் திரும்பினோம். அவன் கேளம்பாக்கத்தில் இறங்கிப் போய்விட்டான்.

இப்போது ஈரத்துணியை எடுக்கப் பையைத் திறந்தால் உள்ளே அவனுடைய மட்டை. விளிம்பெல்லாம் என் மட்டை இடித்த வடு. மறந்துவிட்டானா, இதையும் எனக்கென்றே விட்டானா தெரியவில்லை. நாளைக்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

கொடுக்கமாட்டேன். வேண்டுமென்றால் அவனே வரட்டும்.