கோரா போன செய்தி

பிள்ளையார்பாளையம்,
ஞாயிறு மாலை

சுகாசினி அப்பாவுக்கு இளவரசி எழுதுவது. நானும் பிள்ளையும் சௌக்கியம். மையத்தில் சேர்ந்தபின் உங்களுக்குக் கை நடுக்கம் குறைந்து, சோறு இறங்குகிறது என்று டாக்டரம்மா போனில் சொன்னார்கள். குடியில்லாமல் நீங்கள் தூங்குகிறீர்கள் என்று கேட்டு நிம்மதியாக இருந்தது.

நம் நாய் கோராவைப் பற்றித்தான் எழுதுகிறேன். நீங்கள் போகும்போதே அதற்கு ஒரு பக்க மூக்கில் ரத்தம் வந்ததே, உண்ணிக் காய்ச்சல் என்று கொடுத்த மருந்துக்கு அது நிற்கவில்லை. தும்மினால் ரத்தம் தெறிக்கும். தறியில் கிடந்த பாவு நூலைப் பழைய வேட்டியால் மூடி மூடி நெய்தேன். வெளியே கட்டினால் கதவைப் பிராண்டியது. மனசு கேட்காமல் உள்ளேயே விட்டேன்.

பிறகு கண்ணுக்குக் கீழே வீங்கியது. முதுகிலும் வயிற்றிலும் புளியங்கொட்டை மாதிரி கட்டிகள். உங்கள் தம்பி ஆனந்தகுமார் வேன் பிடித்துச் சென்னை கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கட்டியில் ஊசி குத்தி எடுத்துப் பார்த்தார்கள். மூக்கில் வந்த புற்றுநோய் தோலுக்கும் பரவிவிட்டதாம். இப்படிப் பரவுவது அபூர்வம், இனி வலியைக் குறைக்கத்தான் முடியும் என்றார் டாக்டர்.

மாத்திரையோடு திரும்பினோம். கட்டிகள் உடைந்து ஈ மொய்த்தது. சுகாசினி பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து விசிறுவாள். மூச்சு வாயால்தான், படுக்கவும் முடியவில்லை. நீங்கள் வரும்வரை பார்த்துக்கொள்ளச் சொன்னீர்கள். அதாலும் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. வெள்ளிக்கிழமை நம்மூர் கால்நடை டாக்டரை வீட்டுக்கே வரச்சொல்லி, வலியில்லாமல் ஒரேயடியாகத் தூங்கவைக்கும் ஊசி போடச் சொன்னேன். தலை என் மடியில் இருந்தது. வேகவதி ஆற்றோரம் புதைத்திருக்கிறோம்.

உங்களுக்கு இப்போது தெரியவேண்டாம் என்றார் தம்பி. நீங்கள் குடித்துவிட்டு வந்த நாட்களில் நாங்கள் யாரும் பேசாதபோது, அதுதானே உங்கள் காலடியில் படுக்கும். எனக்கும் பயமாக இருந்தது. சுகாசினிதான், "பொய் வேணாம்மா. அப்பா நம்மகிட்ட சொன்ன பொய்யே போதும்" என்றாள். டாக்டரம்மாவைக் கேட்டேன். கடிதமாக அனுப்புங்கள், பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வைக்கிறேன் என்றார்கள்.

இப்போது அவர்கள் பக்கத்தில்தான் இருப்பார்கள். வெட்கப்படாமல் அழுதுவிடுங்கள். ஆனால் பையை எடுத்துக்கொண்டு நடுவில் மட்டும் கிளம்பிவிடாதீர்கள். மறுபடி அதையெல்லாம் தாங்க எனக்கு இப்போது தெம்பில்லைங்க. முழுசாக முடித்துவிட்டு வாருங்கள். ஏகாம்பரநாதர் உங்களைக் கைவிடமாட்டார்.

உங்கள்
இளவரசி