உன் பெயரில் ஒரு துப்பாக்கிப் போட்டி

ஊருக்கெல்லாம் மிலிட்டரி, எனக்கு மட்டும் அண்ணனே,

வயிறு எரிகிறது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

போன வருஷம் உன் நினைவு நாளுக்கு நம் தெருப் பிள்ளைகள் கேரம் போட்டி நடத்தினார்கள். திருவொற்றியூரில் அது புதிதா என்ன? நீயே எத்தனை பேருடைய நினைவுக் கோப்பையை ஜெயித்து வந்து டிவி மேல் அடுக்கியிருக்கிறாய். இந்த வருஷம் கேரம் இல்லையாம். மொபைலில் யுத்த விளையாட்டாம்.

தெருமுனையில் பேனரும் கட்டிவிட்டார்கள். உன் முகத்தை வெட்டி, அந்த விளையாட்டில் வரும் எவனோ ஒரு தடியனின் கழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள். இரண்டு கையிலும் துப்பாக்கி, பின்னால் நெருப்பு. 'களத்தில் வீழ்ந்த மாவீரன்' என்று எழுத்து வேறு. பட்டாளத்திலிருந்து திரும்பி வந்து, கன்டெய்னர் யார்டில் வாட்ச்மேன் வேலை பார்த்து, மாரடைப்பில் போனவன் நீ. எந்தக் களத்தில் வீழ்ந்தாய்?

போய்க் கேட்டேன். தினேஷ்தான் முன்னால் வந்தான். "இன்னாக்கா, அண்ணனுக்கு கெத்தா கீதுல்ல?"

கெட்ட பிள்ளையாக இருந்தால் ரெண்டு அறை விட்டிருப்பேன். உன் பாடையைத் தூக்கியவன் அண்ணா அவன். வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் அம்மாவை முதுகில் சுமந்து வந்தவன். அவனேதான், டீக்கடை டிவியில் எங்கோ குண்டு விழுந்து ஒரு கட்டடம் சரிந்தபோது, "இத்தவிட கேமுல சோக்கா கீது மச்சி" என்று சிரித்தான். அம்மாவை மனுஷியாகப் பார்க்கத் தெரிந்த பையனுக்கு, அந்த இடிபாட்டுக்குள் கிடந்தவர்கள் மட்டும் ஏன் மனுஷராகத் தெரியவில்லை?

அதோடு விட்டானா? "பார்டர்ல அண்ணன் எத்தினி கில்லுக்கா?" என்றான்.

"ஒருத்தன்டா!" என்று கத்திவிட்டேன்.

பின்னால் நின்ற ஒருவன், "ஒன்னுதானா?" என்றான்.

ஒன்னுதானா! நீ சுட்டு விழுந்த அந்தப் பையன் தண்ணீர் கேட்டதையும், அவன் தலையை மடியில் வைத்து உன் பாட்டிலிலிருந்து ஊற்றியதையும், பாதித் தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்ததையும் என்னிடம் மட்டும்தானே சொன்னாய்? அப்புறம் அம்மா தண்ணீர் கேட்டால்கூட எழுந்து வெளியே போய்விடுவாய். பட்டாளத் திமிர் என்று அவள் திட்டினாள். இன்றுவரை அவளுக்குக் காரணம் தெரியாது.

உன் மேலும் கோபம்தான். நீ வாயை மூடிக்கொண்டாய். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கி என் வாயையும் மூடினாய். கேம் விற்கிறவன் மூடினானா? நாள் பூராவும் இவர்கள் காதுக்குள்ளேயே உட்கார்ந்து பேசுகிறான்.

பேனரை நான் கிழிக்கவில்லை. கிழித்தால் வேறொன்று கட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை போட்டி தொடங்கும் முன் நாலு வார்த்தை பேச என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். மைக்கைப் பிடித்து அத்தனையும் சொல்லப் போகிறேன். அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். உடைந்துபோவாள், தெரியும். உன்னிடம் மன்னிப்பு கேட்க மாட்டேன்.

அதற்கப்புறமும் எவனாவது "ஒன்னுதானா" என்று கேட்பதாக இருந்தால், அம்மாவின் முகத்தைப் பார்த்துக் கேட்கட்டும்.

உனக்குச் செய்த சத்தியத்தை உடைக்கப்போகும்
உன் தங்கச்சி,
செல்வி