உன் கேமராவிலிருந்து இறங்காத படங்கள்

எனக்கு முன்னால் பிறந்து, எல்லாவற்றிலும் எனக்கு முன்னாலேயே நின்ற என் மங்கை அக்காவுக்கு,

படங்கள் இறங்கிவிட்டன. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ போய் இரண்டு மாதம் ஆகப்போகிறது. அதில் ஒரு மாதம் இந்த வீட்டில் உன் கேமராவைத் தவிர வேறு பேச்சே இல்லை. செத்த பிறகும் நீதான் பேச்சு. பார், எழுத ஆரம்பித்ததுமே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா? விருத்தாசலத்தில் ஒரே செராமிக் கம்பெனியில் நாம் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். களிமண் கூழை அச்சில் ஊற்றி, பொம்மையைப் பிரித்தெடுத்து, பிசிறு சீவி, சூளைக்கு அனுப்புவது நான். வெந்து வந்த பொம்மையைக் கறுப்புத் துணிமேல் நிற்க வைத்துப் படம் எடுப்பது நீ. முதலாளி அந்தப் படத்தைத்தான் வெளியூருக்கு அனுப்புவார். "மங்கை எடுத்தா பொம்மைக்கு உசுரு வந்துடுது" என்பார். அந்தப் பொம்மைக்கு மூக்கு சீவின நான் கை நிறைய மண்ணோடு பக்கத்திலேயே நிற்பேன். ஒரு நாளாவது, "மூக்கு என் தங்கச்சி சீவுனதுங்க" என்று நீ சொன்னாயா?

சரி, பொம்மை போகட்டும். என் மகளையும் அல்லவா நீ எடுத்துக்கொண்டாய்? என் வாசலைத் தாண்டித்தான் உன் வாசலுக்குப் போக வேண்டும். கயல் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தாண்டித்தான் போவாள். உனக்குப் பிள்ளை இல்லை என்று ஊரே உச்சுக் கொட்டியது. பெற்றவள் வீட்டில் பிள்ளை தங்குவதில்லை என்று எனக்காக ஒருத்தரும் உச்சுக் கொட்டவில்லை.

ஆவணியில் அவளுக்கு மஞ்சள் நீராட்டு வைத்தோம். வந்தவர்கள் ஆளுக்கொரு செல்போனில் எடுத்தார்கள். நீ மட்டும் கம்பெனிக் கேமராவை விட்டுவிட்டு, உன் சொந்தப் பழைய கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தாய். எப்போதோ கீழே விழுந்து அதன் பின்பக்கத் திரை கறுத்துப் போயிருந்தது, பக்கத்து மூடியும் பிய்ந்து போயிருந்தது. எடுத்ததைப் பார்க்க வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில் இறக்கினால்தான் உண்டு. புதுசு வாங்கச் சொன்னால் கேட்க மாட்டாய். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தே எடுப்பாய்.

படம் எப்போது தருவாய் என்று கேட்டேன். "தீபாவளி வரட்டும்டி, மொத்தமா எறக்கித் தரேன்" என்றாய். தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது, மூன்றே நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாய். யாரைக் கேட்டுக்கொண்டு போனாய் அக்கா?

காரியம் முடிந்த மறுநாள் கயல் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "எனக்கு பெரியம்மா எடுத்த படம் வேணும்" என்றாள். செல்போன்ல நூறு படம் இருக்குதேடி என்றேன். "அதுல நான் நல்லாவே இல்ல" என்றாள். நூறு படத்தில் அறுபது நான் எடுத்தது. அது அவளுக்கும் தெரியும்.

கேமராவை உன் வீட்டுக் கம்ப்யூட்டரோடு இணைக்கக் கம்பியைச் சொருகினோம். கேமராப் பக்கம் பாதிதான் உள்ளே போனது. இது வேறு ஏதோ ஒன்றின் கம்பி போலிருக்கிறது என்று உன் பீரோ, பரண் எல்லாம் குடைந்து இன்னும் மூன்று எடுத்தோம். மூன்றும் பாதிதான் போயின. கடைத்தெருவில் புதுசாக ஒன்று வாங்கினோம். "இது சார்ஜ் மட்டும் ஏத்துற கம்பிம்மா, இதுல படம் வராது" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். மாற்றி வாங்கி வந்தோம். அதுவும் பாதிதான்.

பிறகு கம்ப்யூட்டர் மேல் சந்தேகம் வந்தது. அணைத்து அணைத்துப் போட்டோம். பக்கத்து வீட்டு லேப்டாப்பை இரவல் வாங்கிப் பார்த்தோம். பேட்டரிக்கு இரண்டு நாள் சார்ஜ் ஏற்றினோம். கார்டையாவது கழற்றலாம் என்றால், கம்பி சொருகுகிற ஓட்டைக்குக் கீழேயே இருக்கிறதே ஒரு இடுக்கு, அதில் அழுத்தினால் துள்ளிக்கொண்டு வர வேண்டியது அசையாமல் உட்கார்ந்திருந்தது. கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய், நியாயம் கேட்டுச் சாமிக்குப் பிராது எழுதிக் கட்டிவிடலாமா என்றுகூட நினைத்தேன். பிராதை யார் மேல் எழுதுவது, கேமரா மேலா, உன் மேலா என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

கடைசியில் கயல் என் மேலேயே பாய்ந்தாள். "நீதான் சாவு வூட்டு அவசரத்துல கேமராவ எங்கியாச்சும் கீழ போட்டிருப்ப. பெரியம்மா பொருளுன்னாலே ஒனக்கு ஆவாது" என்றாள். "ஆமாண்டி, எல்லாத்துக்கும் நான்தான்" என்று கத்தினேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. சோற்றைத் தட்டில் போட்டால் உன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய், பூட்டின கதவுக்கு முன்னால் உட்கார்ந்து தின்றாள். அதைப் பார்த்தபோது எனக்கு வந்தது துக்கம் இல்லை அக்கா. சத்தியமாகச் சொல்கிறேன், பொறாமைதான் வந்தது. நான் செத்தால் இவள் இப்படி உட்காருவாளா?

அந்தப் படங்களை எப்படியாவது எடுத்துக் கொடுத்துவிட்டால் அவள் திரும்ப என்னிடம் வந்துவிடுவாள் என்று நினைத்தேன். அதனால் அவளையும் இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கும் ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் மங்கலம்பேட்டை பாய். நிதானமான மனிதர். கேமராவைத் திருப்பி, டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு ஊசியை எடுத்து ஓட்டைக்குள் விட்டு மெதுவாக நெம்பினார். காய்ந்த மஞ்சள் கட்டி ஒன்று மேஜையில் விழுந்தது. விரலால் நசுக்கி மூக்கருகே கொண்டுபோனார்.

"சந்தனம்! யாருக்கா இதுக்குள்ளாற சந்தனத்த அப்புனது?"

கம்பெனியில் ஆயுத பூஜைக்கு அச்சு, சூளைக் கதவு, தராசு, சைக்கிள் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைப்பது வருஷா வருஷம் என் வேலை. இந்த வருஷம் எல்லாரும் அவரவர் சாமானைப் படையலில் வைத்துவிட்டார்கள், நீ மட்டும் கேமராவைக் கீழே வைக்காமல் எடுத்துக்கொண்டே இருந்தாய். "வெக்கிறியா இல்லியாக்கா, அதுக்கும் பொட்டு வெக்கணும்" என்று கிண்ணத்தோடு வந்து, உன் கையில் இருக்கும்போதே அதன் தலையில் ஒரு பொட்டு, பக்கத்தில் ஒரு பொட்டு வைத்தேன். சந்தனம் தண்ணியாக இருந்தது. மூடி இல்லாத பக்கம் அதுதான் என்று அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

பாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கயலும் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன்.

"எங்க அக்காதாங்க. ஆயுத பூஜைக்கு வெச்சது."

பழியை உன் மேல் போட்டுவிட்டேன். இல்லையென்று சொல்ல நீ வரப்போவதில்லை என்கிற தைரியம்தான். பாய் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்து, இடுக்கியால் கார்டைப் பிடுங்கி, சுத்தம் செய்து கம்ப்யூட்டரில் போட்டார். படங்கள் வரிசையாக வந்து விழுந்தன.

நன்றாகத்தான் இருந்தது அக்கா. எப்போதும் போல. ஸ்ரீமுஷ்ணத்துச் சித்தி சிரிக்கிறாள். யாரிடமும் முகம் கொடுக்காத என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். எல்லாரும் பார்ப்பது உன்னைத்தானே? கேமராவுக்குப் பின்னால் இருந்த உன் முகத்தைப் பார்த்துத்தானே அத்தனை சிரிப்பும்? கயல் சிரித்தாள் பார், புதுப் புடவையில், கண் ரெண்டும் மூடிக்கொள்ள, மேல் ஈறு தெரிய. பதினாலு வருஷத்தில் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. அவள் அப்படிச் சிரிப்பாள் என்பதே எனக்குப் பாய் கடையில்தான் தெரிந்தது.

எழுந்து வெளியே போய்விடலாமா என்றிருந்தது. என்னைப் பார்த்து ஏண்டி இப்படி ஒரு நாளும் சிரிக்கவில்லை என்று அங்கேயே கேட்டுவிடவும் வாய் துடித்தது. அதற்குள் பாய், "இதான் கடைசிப் படம்" என்று சொல்லித் திறந்தார்.

திரை முழுக்க நான். சூளைக் கதவு எனக்குப் பின்னால். இடது கையில் கிண்ணம். வலது கையின் மோதிர விரலில் சந்தனம் சொட்ட, விரல் நேராகக் கேமராவைப் பார்த்து வருகிறது. வாய் பிளக்க, கண் மூட, மேல் ஈறு தெரிய நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

பாய் படத்தையும் மேஜையில் கிடந்த சந்தனக் கட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, டீ சொல்லப் போகிற சாக்கில் எழுந்து போய்விட்டார். நல்ல மனுஷன். எனக்குத் தலை நிமிரவில்லை. செத்துப்போன அக்கா மேல் பொய் சொன்னவள் என்று மகள் காறித் துப்பப் போகிறாள் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

கயல் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. கேட்டபோது குரலில் கோபம்கூட இல்லை.

"நீ இப்டிச் சிரிப்பியாம்மா? பெரியம்மாவப் பாத்தா மட்டுந்தான் சிரிப்பியா? என்னைப் பாத்து ஒரு நாளும் சிரிச்சதில்லியே."

நான் கேட்க இருந்ததை அவள் கேட்டுவிட்டாள் அக்கா. கடையில் ஆள் இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். "சந்தனம் வெச்சது நான்தான்டி" என்றேன். "அதான் தெரியுதே" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் ஏறும்வரை விடவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு உன் மேல் எனக்குப் பொறாமை தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. எங்கள் இரண்டு பேரிடமிருந்தும் அந்தச் சிரிப்பை நீ ஒருத்தியே எப்படி வாங்கினாய்? என்ன சொல்லிச் சிரிக்க வைத்தாய்? அதை எனக்குச் சொல்லிக் கொடுக்காமலே போய்விட்டாயே.

ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். பாய் கேமராவைச் சரிபண்ணிக் கொடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு, கயலுக்கும் ஸ்கூலு கிடையாது. முதலில் அவள் என்னை எடுக்கட்டும். அப்புறம் நான் அவளை எடுக்கிறேன். எத்தனை ஞாயிறு ஆனாலும், அவள் கண் ரெண்டும் மூடிக்கொள்ளும் வரைக்கும் நான் அந்தக் கேமராவைக் கீழே வைக்க மாட்டேன்.

உன் மேல் பொய்ப் பழி போட்ட,
உன் ஒரே தங்கச்சி
செல்வி