கணினியா, இயற்பியலா

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் மூட்டுவலி தேவலையா? உம்மா சுகமா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. ஜாலான் புசாரில் ரபியா மாமி என்னை நன்றாகவே கவனித்துக்கொள்கிறார்.

ரமலான் பிறை பார்க்க மாமியோடு எங்கள் அடுக்குமாடியின் மேல்தளத்துக்குப் போனேன். பிறை எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில் தெரியும் என்று முன்பே கணக்கிட்டிருந்தேன். அந்த இடத்தில் மேகம்தான் இருந்தது.

“முஃப்தி டிவில சொல்லிருவாரு லா. நீ ஏன் கழுத்த ஒடிச்சிக்கிற?” என்றார் மாமி. “வானம் படிக்க நல்ல ஊராப் பாத்து வந்த புள்ள!”

நானும் சிரித்தேன். சற்று நேரத்தில் மறுநாள் நோன்பு என்று அறிவித்தார்கள். என் கணக்கு தப்பவில்லை, வாப்பா.

வெள்ளிக்கிழமைக்குள் பல்கலைக்கழகத்தில் முதன்மைப் பாடத்தைப் பதிய வேண்டும். நீங்கள் கணினி என்றீர்கள். என் ஆசை வானியல். அதற்கு முதலில் இயற்பியல் பட்டம் வேண்டும், வானியலை மேற்படிப்பில் எடுக்கலாம் என்கிறார் ஆலோசகர். இயற்பியல் படித்தால் ஆசிரியர் வேலைக்கும் போகலாமாம். அதையே எடுக்க நினைக்கிறேன்.

ஊரிலிருந்து யாராவது வந்தால் மாசிச் சம்பல் கொடுத்தனுப்புங்கள். என் தலையணை உறையும் வேண்டும். புதிது வாங்க வேண்டாம், பழையதே போதும்.

நோன்பு திறக்க மாமி கூப்பிடுகிறார். கணினி வேண்டாம் என்று நான் சொன்னதிலிருந்து எல்லாவற்றையும் உம்மா வழியாகவே சொல்கிறீர்கள். இயற்பியலும் கூடாது என்றால், அதை நீங்களே அழைத்துச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
யும்னா