ஓடத்துறையில் தங்கிய சொல்

திருவருள் முன்நிற்க.

நெடுங்கா நாட்டை அறநெறி பிறழாது புரக்கும் திருவிளங்கோ மாராயரின் ஆணைப்படி, தலைநகராகிய மணிநீர்க்கரையிலிருந்து அமைச்சன் அம்பலவன் கீரன், வடவெல்லையின் காவலரும், வெள்வரைக் கோட்டையின் தலைவரும், குடிகளால் தந்தை என அழைக்கப்படுபவருமாகிய சேந்தன் வேளுக்கு வணங்கி எழுதும் ஓலை. தங்கள் மதில் நிலைபெறுக. தங்கள் கிணறுகள் வற்றாதிருக்க. தங்கள் வீரர் காயங்கள் ஆறுக.

மலைப்படை விலகிச் சென்றது என்னும் செய்தி எட்டியபோது, பெருங்கோயிலில் நெய்விளக்கு ஏற்றினோம். விளக்கின் முன் நின்றபோது மகிழ்ச்சி வரவில்லை. உட்கார வேண்டும் என்றே தோன்றியது. போர் முடிந்த பின்னும் சாவு முடியவில்லை என்பதைத் தங்கள் ஓலை அறிவித்தது. வெண்காடன் என்னும் சொல்சுமப்போனுக்குத் தாங்கள் கொலைத் தண்டம் விதித்ததையும், அதற்கு அரச முத்திரை வேண்டுவதையும் படித்தோம். அவன் சொன்ன ஆணையில் ஒரு பகுதி விடுபட்டதால் குயச்சேரியில் வாழும் குயவர் குடிகள் மதிலுக்கு வெளியே நின்றுவிட்டதையும், வீடுகள் எரிந்ததையும், காட்டுக்குள் ஓடியவர்களில் பலர் மீளாததையும் படித்தோம். தங்களைப் பாலூட்டி வளர்த்த செவிலித்தாய் ஆதிரையம்மை குயச்சேரியாரோடு வந்து கோட்டைக் கதவைத் தட்டியதும், ஆணைக்குக் கட்டுப்பட்டுத் தாங்கள் திறவாதிருந்ததும் அவ்வோலையில் ஒரே வரியாக இருந்தன. அந்த வரியை அரசர் மறுமுறை படிக்கச் சொல்லவில்லை. என்னாலும் படித்திருக்க இயலாது.

போர்க்காலத்தில் செய்தியை ஓலையில் எழுதாமல் மனிதர் நெஞ்சில் எழுதி அனுப்புவது நம் முன்னோர் வகுத்த வழக்கம் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். எழுதப்படும் விதத்தை அறிந்தவர் சிலரே. ஆதலால் அதை விளக்குவது என் கடமையாயிற்று. சொல்சுமப்போன் கேட்டதைக் கேட்டபடி உருப்போடுவதில்லை. கண்ணை மூடி, தான் நடக்கப்போகும் வழியை மனத்துள் விரித்து, ஒவ்வொரு சொல்லையும் ஓரிடத்தில் இறக்கி வைக்கிறான். பின்பு நடக்கும்போது அந்தந்த இடத்தைக் கடக்கையில் அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிப் பதித்துக்கொள்கிறான். சென்று சேர்ந்ததும் அதே வழியை மனத்துள் மீண்டும் நடந்து, வைத்தவற்றை எடுத்துக் கொடுக்கிறான். எந்தச் சொல் எங்கே வைக்கப்பட்டது என்பதை அனுப்புகிறவரும் கேட்டு வைத்துக்கொள்வது முறை.

அன்று ஆணையைச் சொன்னவன் நான். மலைப்படை கணவாய் இறங்குகிறது என்பதை நகர்வாயில் பிள்ளையார் முன் வைத்தான். கதவுகளை அடைக்க என்பதைச் சுமைதாங்கிக் கல்லில் வைத்தான். அடைக்குமுன் குயச்சேரியார் அனைவரையும் உள்ளே அழைத்துக்கொள்க என்பதைக் கருநீராற்று ஓடத்துறையில் வைத்தான். அடைத்தபின் எவர் தட்டினும் திறவாதிருக்க என்பதைத் தங்கள் கோட்டை வாயிலில் வைத்தான். சொல்லி முடித்து, என் கையால் பிரசாதம் வாங்கி உண்டு புறப்பட்டான்.

வழியில் ஆறு பெருகியிருந்தது. ஓடம் விடவில்லை. அவன் மேற்கே சுற்றி, மூங்கில் காட்டுக்குள் புகுந்து, கயிற்றுப் பாலத்தில் ஆற்றைக் கடந்தான். ஓடத்துறையை அவன் மிதிக்கவே இல்லை. கோட்டையை அடைந்தபோது ஈரத்துணியோடும் பசியோடும் இருந்தவனை, வாயிற்காவலர் உட்காரவும் விடாமல் தங்கள் முன் நிறுத்தினர்; அவசரம் அத்தகையது. அவன் மனத்துள் வழியை விரித்தான். விரிந்தது பழைய வழி அன்று, அப்போதுதான் கால் நோக நடந்த புது வழி. துறை இருந்த இடத்தில் மூங்கில் நின்றது. மூங்கிலில் அவன் எதையும் வைத்திருக்கவில்லை. ஆதலால் எதையோ விட்டோம் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

முற்றுகை நீங்கி, வெள்ளம் வடிந்து, வீடு திரும்ப ஓடம் ஏறியபோது அந்தச் சொல் அவனுக்குக் கிடைத்தது. அவன் திரும்பி வந்து தங்கள் அவையில் அதைச் சொன்னபோது, ஆற்றைக் கண்டதும் நினைவு வந்ததா, மலையரசன் படை பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்ததும் நினைவு வந்ததா என்று தாங்கள் வினவியதாகவும், அவையோர் நகைத்ததாகவும் அறிந்தேன். மறந்தது உண்மையானால் அது எப்படித் திரும்பி வரும் என்பதே தங்கள் கேள்வி. அது நேர்மையான கேள்வியே.

என் மனைவி இறைவனடி சேர்ந்து நெடுங்காலமாயிற்று. அவள் குரலை நினைத்துப் பார்க்க முயன்றால் ஒன்றும் கேட்பதில்லை. ஆயினும் மடைப்பள்ளியில் நெய் உருகும் வாசனை எழுந்தால், இன்னும் உண்ணாமல் என்ன எழுத்து வேண்டிக்கிடக்கிறது என்று அவள் கடிந்துகொள்வது காதருகே கேட்கிறது. நெஞ்சம் அப்படித்தான் எழுதுகிறது, வேளே. சொல்லைத் தனியே எழுதத் தெரியாமல், இடத்தோடும் மணத்தோடும் ஈரத்தோடும் சேர்த்தே எழுதிவிடுகிறது. அவை விலகினால் சொல்லும் விலகுகிறது. அவை வந்தால் அழையாமலே வருகிறது.

ஓடக்காரர் மாகாளி, ஒருவரும் அழைக்காமல், ஓடத்தைத் துறையில் கட்டிவிட்டுத் தலைநகர் வந்து அரசர் முன் நின்றார். அவர் மொழியைச் செம்மை செய்தால் அதில் உள்ளது குறைந்துவிடும் என்று அஞ்சி, சொன்னபடியே எழுதுகிறேன்: “நல்லாத்தான் ஒக்காந்திருந்தான் சாமி. தொறைய விட்டுக் கெளம்புனதும் தலையில அடிச்சுக்கிட்டு, திருப்பு, ஓடத்தத் திருப்புன்னான். ஏண்டா, பொண்டாட்டி சோறாக்கி வச்சிருப்பா, இப்பத் திரும்பிப் போயி யாரு கையால ஒதை வாங்கப் போறேன்னு சிரிச்சேன். குயச்சேரிய அமைச்சரய்யா மறந்துட்டாருன்னு கோட்டையே பேசுதண்ணே, மறந்தவன் நானுன்னான். நான் துடுப்பத் திருப்புறதுக்குள்ள குதிச்சு நீந்திட்டான், பாவி.”

அதுவரை ஒரு சொல் விடுபட்டதைத் தாங்களும் அறியவில்லை, நானும் அறியவில்லை. பழி என்மேல் கிடந்தது. அவன் வாய்திறவாதிருந்தால் என்மேலேயே கிடந்திருக்கும். அவன் வீட்டில் உண்டு உறங்கியிருப்பான். பகைவரிடம் கைநீட்டிப் பொருள் வாங்கியவன் இதைச் செய்யான். துறையில் வைத்த சொல் துறையிலேயே அவனுக்குக் கிடைத்தது என்பதற்கு, வைத்ததை அருகிருந்து கேட்ட நானே சான்று.

தெரிந்த குரல் அழைத்தும் கதவைத் திறவாமல் நின்றவரின் வேதனை எத்தகையது என்று நான் அறியேன். அதை எங்கேனும் இறக்கிவைக்க மனம் தேடும். வெண்காடன் தலைமேல் இறக்கினால் அது இறங்கிவிடும் என்று தோன்றும். இறங்காது, வேளே. தாங்கள் ஆணைக்குக் கட்டுப்பட்டீர்கள். தெய்வமும் அரசரும் அதைக் குற்றமாக எண்ணவில்லை. ஆதிரையம்மைக்குச் செய்ய வேண்டிய ஈமக் கடன்களைச் செய்து, எஞ்சிய குயச்சேரிக் குடிகளுக்குத் தங்கள் கையால் கூரை வேய்ந்து கொடுங்கள். களிமண் பிசையும் ஒலி மறுபடி எழும் நாளில் கொஞ்சம் உறக்கம் வரக்கூடும்.

ஆதலால் மாராயர் இட்ட ஆணை இது. இனிப் போர்ச்செய்தி இருவர் நெஞ்சில், இரு வழியாக அனுப்பப்படும். வந்து சேரும் சொல்சுமப்போனுக்கு நீரும், உலர்ந்த துணியும், உட்கார இடமும் கொடுத்த பின்னரே அவனைப் பேசச் சொல்க. எத்துணை அவசரமாயினும் அவ்வாறே செய்க. வெண்காடனைச் சிறை நீக்கி, வயிறார உண்ணச் செய்து, வீட்டுக்கு அனுப்புக. தங்கள் சினம் தணியாவிடினும் அனுப்புக. தணிந்திருந்தால் அரசாணை தேவைப்பட்டிராது.

தண்ட ஓலையில் முத்திரை இடப்படவில்லை. இவ்வோலையில் இடப்பட்டது.

இறைவன் தங்களையும் அவனையும் ஒருசேரக் காப்பானாக. மணிநீர்க்கரை அரண்மனையில், மாராயர் திருமுன், அம்பலவன் கீரன் எழுத்து.