சவ்வைத் தொடாதே என்றேன்

காலையில் சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலத்துப் பக்கமிருந்து காற்று வர, கிளினிக் வாசலில் நின்றவர்கள் எல்லாரும் முகத்தை நிமிர்த்தி மூச்சை இழுத்தார்கள். நானும் இழுத்தேன். நெஞ்சு நிறைந்தது, மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. இந்தக் காற்றுக்காக எங்கெங்கிருந்தோ பஸ் ஏறி வருகிறார்கள், தென்காசியிலேயே கிடக்கும் எனக்கு அது இல்லை. உன்னை நினைக்க உன் படமும் மாலையும் எனக்கு வேண்டாம்.

செத்தவனைத் திட்டக் கூடாது என்பார்கள். உன் படத்திறப்பில் ஆளாளுக்கு உன்னைக் கைராசிக்காரர் என்று புகழ்ந்தபோது வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். இங்கே திட்டிக்கொள்கிறேன்.

ஒரே ஆபரேஷன் தியேட்டரில் மூக்கு அறுவை செய்த டாக்டர்கள் நாம். சைனஸைச் சுத்தம் செய்யும்போதே, மூக்கின் பக்கச் சுவரில் வீங்கி வழியை அடைக்கிற அந்தச் சதை மடிப்பை, டர்பினேட்டை, என்ன செய்வது என்பதில்தான் நமக்குச் சண்டை. நான் மேல் சவ்வை விட்டுவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் சுரண்டி எடுப்பேன். சிலருக்கு எலும்பை ஒடித்து ஓரமாகத் தள்ளினாலே போதும். சிலருக்குச் சூடு வைத்தால் சுருங்கிவிடும். நீ ஆள் பார்க்காமல் அடியோடு வெட்டுவாய்.

உன் நியாயமும் எனக்குத் தெரியும். வளைகுடாவிலிருந்து லீவில் வருகிறவர்கள்தான் உன் வாசலில் நின்றார்கள். "மறுபடி வீங்குச்சுன்னா அவன் எங்கன இருந்து வருவாம்? ஒரே லீவு, ஒரே வெட்டு. முடிஞ்சுது லே" என்பாய். மிச்சம் வைத்தால் சிலருக்குத் திரும்ப வீங்கும்தான், நான் மறுத்ததே இல்லை. ஆனால் காற்றை ஈரமாக்குவதும், மூச்சு போகிறது என்று நமக்கு உணர்த்துவதும் அந்தச் சதைதான். அதை வழித்துவிட்டு ஒருவனைப் பாலைவனத்துக்கும் ஏசி அறைக்கும் அனுப்புகிறாயே என்று கேட்டால், "ஒனக்கு வெட்டப் பயம்" என்று நர்ஸுகள் முன்னால் சிரிப்பாய்.

அப்புறம் என் மூக்கே அடைத்தது. வேறு யாரிடம் போவேன்? உன் கை சுத்தமான கை, அதை இப்போதும் சொல்வேன். மயக்க மருந்து ஏறுமுன் உன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "சவ்வைத் தொடாத. உள்ள மட்டும் சுரண்டு" என்றேன்.

"சரி லே, படு" என்றாய்.

மூக்கில் அடைத்திருந்த பஞ்சை எடுத்த பிறகுதான் தெரிந்தது, இரண்டு பக்கமும் மொட்டை. "ரொம்ப வீங்கிக் கெடந்துச்சு. ஒன் நல்லதுக்குத்தான் எடுத்தேன்" என்றாய். என் மூக்கு. நான் சொன்னது உன் காதில் விழவே இல்லையா?

சில மாதத்தில் மூச்சு முட்ட ஆரம்பித்தது. தூக்கம் போயிற்று. உன்னிடம் வந்து உட்கார்ந்தேன். ஸ்கோப்பை உள்ளே விட்டுத் திரையைக் காட்டினாய்.

"நாலுவழிச் சாலை மாதிரி கெடக்கு. காத்து போவலன்னு யாருகிட்ட சொல்லுத? ஒனக்குக் கோட்டி பிடிச்சிருக்கு லே."

கூட வேலை செய்த டாக்டரையே பைத்தியம் என்றவன், லீவு முடிந்து விமானம் ஏறப் போகிறவனிடம் என்ன சொல்லியிருப்பாய்? அதோடு உன் வாசலை நான் மிதிக்கவில்லை. நீ நெஞ்சுவலியில் போனதையும் ஊர் சொல்லித்தான் கேட்டேன். அழுகை வரவில்லை. ஒரு தடவையாவது தப்பு என்று ஒத்துக்கொண்டிருக்கலாம். அதையும் செய்யாமல் போய்விட்டாயே என்று எரிச்சல்தான் வந்தது.

இன்று மதியம் கத்தாரிலிருந்து வேலையை விட்டு வந்த ஒருவன் என் முன்னால் உட்கார்ந்தான். நீ வெட்டியவன்.

"காத்து போவுது சார், ஆனா போற மாதிரி தெரியல. எனக்குக் கோட்டின்னு வீட்டுல சொல்லுதாவ."

நான் ஸ்கோப்பை எடுக்கவில்லை. "ஈரத்துணியைப் பக்கத்துல போட்டுக்கிட்டுத்தான் படுக்கியா?" என்று கேட்டேன்.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

சட்டைப்பையிலிருந்து உப்புத்தண்ணீர்க் குப்பியை எடுத்து, அவன் பார்க்கவே என் மூக்கில் விட்டுக்கொண்டேன். "ஒனக்குக் கோட்டி ஒண்ணும் இல்ல, தம்பி" என்றேன். அவன் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதான்.

எனக்கு நீ சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது. நீ வெட்டியவர்கள் இன்னும் வந்துகொண்டிருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.