ஆறு ஈரத்துணி

பிப்ரவரி 8, 2024. ஸ்ரீவில்லிபுத்தூர்

பாப்பாவுக்கு இன்றோடு பதினாறு நாள். ஆஸ்பத்திரித் தராசில் இரண்டு கிலோ. பிறந்தபோது இரண்டு கிலோ இருநூறு. ஏற வேண்டியது இறங்கியிருக்கிறது.

மாதம் நிறையும் முன்பே பிறந்தவள். முதல் ஒன்பது நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் அவள், வெளியே பெஞ்சில் நான். அதற்குள் என் மார்பு தன் வேலையை மறந்துவிட்டது. இருபது நிமிடம் சப்புகிறாள், அழுகிறாள், களைத்துத் தூங்கிவிடுகிறாள்.

"பாலாடைச் சங்குல பவுடர் பால் சேர்த்துக் குடுங்க. அஞ்சு நாள் பார்ப்போம். ஏறலைன்னா அட்மிட் பண்ணணும்" என்றார் டாக்டர்.

மறுபடியும் அந்தப் பெட்டியா?

பிப்ரவரி 9

சேத்தூரிலிருந்து அத்தை வந்தார்கள். என் மாமியார். செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிட்டார்கள். "ஏத்தா, இல்லாத பாலுக்கு எம்புட்டு நேரம்தான் புள்ளைய மல்லுக்கட்ட வைப்ப? பேசாம பாட்டில குடு. புள்ள தேறட்டும்."

கெட்டவர்கள் இல்லை. பயம். எனக்கும் அதே பயம்தான். ஆனால் பாலாடையில் வயிறு நிறைந்ததும் பாப்பா என்னிடம் வாய் வைக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாளே, அதை யாரிடம் சொல்ல?

என் வீட்டுக்காரர் மாரீஸ்வரனுக்கு போன் செய்து அழுதேன். ராஜபாளையத்தில் மில் ஷிப்ட் முடிந்து டீக்கடையில் நின்றிருந்தார். "நீ எது செஞ்சாலும் சரிதான் ரஞ்சனி." எது செய்தாலும் சரி என்றால் எதைத்தான் செய்வது?

அம்மா இருந்திருந்தால்... அம்மா போய் ஐந்து வருடம். பிள்ளை பெற்றுத் தாய்வீட்டுக்கு வந்திருக்கிறேன். வீட்டில் இருப்பது அப்பா மட்டும். எனக்குப் பால் ஊறக் காலையில் பூண்டை உரித்து உரித்து அவர் விரலெல்லாம் எரிகிறது.

பிப்ரவரி 10

நர்ஸ் பாண்டிசெல்வி அக்கா ஒரு வழி காட்டினார். சேமியா மாதிரி மெல்லிய ட்யூப். ஒரு முனை பவுடர் பால் இருக்கும் பாட்டிலுக்குள். மறுமுனையைக் காம்போடு ஒட்டி டேப் போட வேண்டும். பாப்பா இரண்டையும் சேர்த்துக் கவ்வுவாள். சப்பச் சப்ப ட்யூபில் பால் வரும். அவள் வயிறும் நிறையும், சப்புவதால் எனக்கும் பால் ஊற வழி உண்டு.

"பாட்டில ஒசத்துனா வேகமா வரும், எறக்குனா மெதுவா வரும். புள்ள தெணறாம பாத்துக்கிடணும். ஒரு நாளைக்கு ஆறு துணியாவது நனைக்கணும். நனைச்சா வயித்துக்குப் போகுதுன்னு அர்த்தம்."

"எனக்குப் பால் வந்துருமாக்கா?"

"வரும். எம்புட்டு வரும்னு என்னால சொல்ல முடியாதும்மா."

பொய் சொல்லாதது பிடித்தது.

பிப்ரவரி 11

டேப் கழன்று பால் முழுவதும் மடியில். மறுபடி ஒட்டினேன், நாக்கால் தள்ளிவிட்டாள். மூன்றாவது தடவை அவளும் அழுதாள், நானும் அழுதேன். கடைசியில் பாலாடைதான். நாலு துணி.

என்னால முடியல. சத்தியமா முடியல.

பிப்ரவரி 12

சாயங்காலம் ஒரு தடவை பத்து நிமிடம் சரியாகக் குடித்தாள். ட்யூபில் பால் நகர்வது தெரிந்தது. மூச்சு விடவே பயந்து உட்கார்ந்திருந்தேன்.

துணி போதவில்லை என்றதும் அப்பா அம்மாவின் பீரோவைத் திறந்தார். ஐந்து வருடத்தில் முதல் தடவை. அந்துருண்டை வாசம். அதற்கு அடியில் அம்மாவின் பவுடர் வாசமும் வந்தது — வந்ததா, எனக்குத்தான் தோன்றியதா?

நூல் சேலைகளாக எடுத்துக் கட்டிலில் போட்டார். "பழசுதான் புள்ளைக்கு உறுத்தாது. கிழிக்கட்டுமா தாயி?"

ஊதாப் பூப்போட்ட சேலை, பிளவக்கல் அணைக்குப் போனபோது அம்மா கட்டியிருந்தது. எனக்கு ஏழு வயது. அப்பா ராஜபாளையம் பஸ்ஸில் டிரைவர். அவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு எங்கள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தது அன்று ஒருநாள்தான். அணைக்குக் கீழே வாய்க்காலில் சேலையைத் தூக்கிச் செருகி நின்று, "வாங்க, செத்த நேரம் கால நனைங்க" என்று அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவர் ஷூவைக் கழற்ற மறுத்துக் கரையிலேயே நின்றார்.

பச்சைக் கட்டம் போட்டது, என் பள்ளி ஆண்டு விழாவுக்கு. மேடையில் பாட்டு மறந்து நான் விழித்தபோது மூன்றாவது வரிசையில் அந்தப் பச்சை எழுந்து நின்றது. அம்மாவுக்கும் பாட்டு தெரியாது. சும்மா எழுந்து நின்றாள்.

அப்பா ஊதாச் சேலையின் ஓரத்தைப் பல்லால் கடித்தார். கிழிக்கவில்லை. நான் வாங்கிக் கிழித்தேன். என்ன சத்தம் அது! பச்சையை அவரே கிழித்தார்.

பிப்ரவரி 13

அறுபது கிராம் ஏறியிருக்கிறது. "இன்னும் ஏறணும். இப்ப அட்மிஷன் வேண்டாம், வீட்டுக்குப் போங்க" என்றார் டாக்டர். ஆட்டோவில் வாய்விட்டுச் சிரித்தேன்.

பிப்ரவரி 15

பாப்பாவைப் பிடிக்க ஒரு கை, மார்பைத் தாங்க ஒரு கை. பாட்டிலுக்குக் கை இல்லை. அப்பா என்னை நாற்காலியில் உட்காரச் சொல்லித் தோளுக்கு நேராகச் சுவரில் பென்சில் கோடு போட்டார். ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று ஆணி அடித்தார்.

"வேகம் வேணும்னா மேல மாட்டு, தெணறுனா கீழ மாட்டு. கியர் மாதிரி வச்சுக்க."

பிறகு கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்தே பேசினார்.

"ஒனக்கும் இப்படித்தான் தாயி. ஒங்கம்மாவுக்குப் பால் பத்தல. நீ மாருல கெடக்கையில வாயோரமா சங்குல பசும்பால் விடுவோம். சங்கு பிடிக்கிறது நான். டூட்டிக்குப் போற அவசரத்துல ஒருநா அவ மேலயே கொட்டிட்டேன். என்னா ஏச்சு!"

சிரித்தார். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

"அம்மா எங்கிட்டச் சொன்னதே இல்லையேப்பா."

"நீ வளந்துட்ட. பொறவு அவளுக்கு அது நெனப்பே இல்ல."

அந்தச் சங்கு பிடித்த கை, இருபத்தைந்து வயதில் எப்படி இருந்திருக்கும்? அம்மா எப்படி ஏசியிருப்பாள்? அந்த அறையை ஒரு தடவை எட்டிப் பார்க்க முடிந்தால் போதும்.

பிப்ரவரி 21

ஏழு துணி!

மார்ச் 9

ஜாக்கெட் நனைந்திருந்தது. ட்யூப் ஒழுகுகிறது என்று கழற்றப் போனேன். ட்யூப் இருந்தது மறுபக்க மார்பில்.

மார்ச் 24

அத்தை வந்து ட்யூபை உற்றுப் பார்த்தார்கள். "இத எப்படிக் கழுவணும்?" காட்டினேன். ஊசி போடாத சிரிஞ்சால் வெந்நீரை அடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டிருக்கு" என்று மறுபடி அடித்தார்கள். பாட்டில் பேச்சே எடுக்கவில்லை.

ஏப்ரல் 20

மூன்று கிலோ எழுநூறு. பால் முழுதாக வரவில்லை, இனி வரவும் வராது போல. "பாதி ஒங்க பாலு, பாதி பவுடரு" என்றார் பாண்டிசெல்வி அக்கா. பாதிதானா என்று கேட்டுவிட்டேன். பிறகு, ஒன்றுமே இல்லாமல் இருந்த நாட்கள் நினைவுக்கு வந்தன.

மே 5. ராஜபாளையம்

இன்று எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம். அப்பாவும் கூட வந்தார், பஸ்ஸில். இருபத்தெட்டு வருடம் அவர் ஓட்டிய ரோடு. ஒவ்வொரு வளைவிலும் அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை அழுத்தியது. சின்ன வயதில் நான் இஞ்சின் பெட்டி மேல் உட்கார்ந்து வருவேன்; சூடு தாக்காமல் இருக்க அம்மா துண்டை நாலாக மடித்துக் கொடுத்துவிடுவாள். அப்பாவிடம் சொன்னேன். "அது என் துண்டு. அதத் தேடாத எடமில்ல" என்றார்.

செப்டம்பர் 28

ட்யூபை நிறுத்தி ஒரு மாதத்துக்கு மேலாகிறது. கூழ் குடிக்கிறாள், பருப்புச் சோறு தின்கிறாள், டம்ளரில் பவுடர் பால். காலையும் மாலையும் என்னிடம்.

இன்று காலையில் குடித்துக்கொண்டிருந்தவள் நறுக்கென்று கடித்துவிட்டாள். "ஆ!" என்று நான் கத்தியதில் மாரீஸ்வரன் பாதி சவரம் செய்த முகத்தோடு ஓடி வந்தார். பாப்பா வாயை எடுத்து எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தாள். கீழ் ஈறில் விரலை வைத்துப் பார்த்தேன். அரிசி முனை போல ஒன்று.

மறுபடி குடிக்க வந்தாள். கொடுத்தேன், பயந்துகொண்டேதான்.